மாவுச்சத்துப் படலம் வார்ப்பதில் வரும் பிழைகள்: அறிகுறி வாரியாகக் கண்டறிதலும் நீக்குதலும்

மாவுச்சத்தைத் தண்ணீரில் காய்ச்சி, கிளிசரின் சேர்த்து, தட்டில் ஊற்றி உலர்த்தினால் மட்கும் நெகிழிப் படலம் கிடைத்துவிடும் என்று எல்லாச் செய்முறைகளும் சொல்கின்றன. அது பொய்யில்லை, ஆனால் ஒரு தட்டை நன்றாக வார்த்த அதே கையில் அடுத்த தட்டு பிசுபிசுக்கும், அதற்கடுத்தது பாளம் பாளமாக வெடிக்கும். பல ஆண்டுகளாக இத்தகைய தட்டுகளை வார்த்தும் கெடுத்தும் பார்த்ததில், திரும்பத் திரும்ப வரும் பிழைகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை என்பதும், அவற்றில் பெரும்பகுதி தண்ணீரையோ நிறுவையையோ சார்ந்தவை என்பதும் எனக்குத் தெளிவாயின. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வருமாறு எழுதியிருக்கிறேன். ஒரு தட்டுக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

## ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படைக் கலவை

கீழே வரும் சோதனைகள் யாவும் இந்தக் கலவையையே அளவுகோலாகக் கொண்டவை. 20 × 30 செ.மீ. உள்ளளவு கொண்ட தட்டுக்கு மரவள்ளி மாவுச்சத்து 7 கிராம், கிளிசரின் 2.1 கிராம், தண்ணீர் 130 மி.லி. மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கிளிசரினையும் சேர்த்து, விடாமல் கிளறியபடி 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, அந்த வெப்பத்தில் பத்து நிமிடம் வைத்திருந்து, 60 டிகிரி அளவுக்கு ஆறியதும் மட்டம் பார்த்த தட்டில் ஊற்ற வேண்டும். 40 முதல் 45 டிகிரியில் உலர்த்தினால் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமனில், பின்னால் வைத்த எழுத்தைப் படிக்கக்கூடிய அளவுக்குத் தெளிந்த படலம் கிடைக்கும்.

உங்கள் கலவை எதுவாயினும், பிழை வந்தால் முதலில் இதில் ஒரு தட்டு வார்த்துப் பாருங்கள். இது சரியாக வந்து உங்களுடையது வராவிட்டால் பிழை உங்கள் செய்முறையில் இருக்கிறது; இதுவும் கெட்டால் மூலப்பொருளிலோ, கருவியிலோ, அறையின் காற்றிலோ இருக்கிறது. இந்த ஒரு தட்டு பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

வினிகர் பற்றி ஒரு சொல். பெரும்பாலான செய்முறைகளில் வினிகர் இருக்கும். நான் அதைச் சேர்ப்பதை விட்டுவிட்டேன். அமிலம் மாவுச்சத்தின் கிளைத்த சங்கிலிகளைச் சற்றே வெட்டிக் கூழை இளக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அது இல்லாமலும் படலம் உருவாகும், பிழை தேடும்போது சந்தேகப்பட வேண்டிய பொருள்களில் ஒன்றும் குறையும்.

## அறிகுறி: கூழ் கெட்டிப்படவே இல்லை

வெப்பம் போதவில்லை. பாத்திரத்தின் ஓரத்தில் கொதி தெரிந்தாலும் நடுவில் 60 டிகிரிகூட எட்டாமல் இருப்பதுண்டு. வெப்பமானியைக் கூழின் நடுவில், அடியைத் தொடாமல் பிடித்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டியும், மரவள்ளியும் மக்காச்சோளமும் 60 முதல் 70 டிகிரியை ஒட்டியும் பால் நிறத்தை இழந்து கண்ணாடிப் பதத்துக்கு வரத் தொடங்கும். அந்த நிற மாற்றமே இல்லையென்றால் அடுப்பைத் தவிர வேறெதையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

தூள் வேறாக இருக்கிறது. மக்காச்சோள மாவும் மக்காச்சோள மாவுச்சத்தும் ஒன்றல்ல. பெயர்க் குழப்பத்தால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று கைக்கு வந்துவிடுகிறது. மஞ்சள் சாயலும் சொரசொரப்பும் இருந்தால் அது முழுத் தானிய மாவு. மாவுச்சத்து வெண்மையாக இருக்கும், விரல்களுக்கிடையே அழுத்தித் தேய்த்தால் கறுக்கென்று ஒலிக்கும். குளிர்ந்த நீரில் போட்டதும் கரைந்து தெளிகிற தூளானால் அது மால்டோடெக்ஸ்டிரின் போன்ற வெட்டுண்ட வகையாக இருக்கலாம். அதைக் கொண்டு படலம் வார்க்க முடியாது. இதற்கு மாறாக, அமைலோஸ் (மாவுச்சத்தின் கிளையற்ற நேர்ச்சங்கிலி) மிகுந்த சிறப்பு வகை மக்காச்சோள மாவுச்சத்து திறந்த பாத்திரத்தில் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் முழுதாக வேகாது; அதற்கு 100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் அழுத்தப் பாத்திரமும் வேண்டும்.

முதலில் கெட்டிப்பட்டுப் பிறகு நீர்த்துப் போனது. அமிலம் சேர்த்து நெடுநேரம் கொதிக்க வைத்தால் இப்படி ஆகும். அமிலமே சேர்க்காமல் நீர்த்தால், பதம் பார்க்க வாயில் வைத்த கரண்டியை மறுபடி கூழில் விட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி, வெதுவெதுப்பான கூழைச் சிறிது நேரத்தில் நீராக்கிவிடும். நொதி பட்ட கூழைக் கொட்டத்தான் வேண்டும், மீட்க வழியில்லை. கொட்டும்போது கழிவுக் குழாயில் ஊற்றாதீர்கள். ஆறியதும் உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்த குழாயைத் திறக்கக் குழாய்ப் பணியாளரை அழைப்பதுதான் இந்த அறிகுறியின் அதிகபட்சச் செலவு.

## அறிகுறி: கூழில் கட்டிகள், படலத்தில் மீன் கண் போன்ற புள்ளிகள்

உலர்ந்த மாவைச் சூடான நீரில் கொட்டியதே ஏறத்தாழ எப்போதும் காரணம். ஒவ்வொரு மாவுக் கட்டியின் வெளிப்புறமும் உடனே வெந்து, உள்ளே நீர் போக முடியாமல் அடைத்துக்கொள்கிறது. இனி எவ்வளவு கிளறினாலும் அது கரையாது. குளிர்ந்த நீரில் கரைத்துவிட்டுச் சூடேற்றுங்கள். கட்டி தட்டிய கூழைச் சூட்டோடு மெல்லிய துணியில் வடிகட்டினால் தட்டு தப்பும், ஆனால் மாவின் அளவு குறைந்துவிட்டதால் படலம் மெலியும், கிளிசரின் விகிதமும் ஏறிவிடும். சூடான கூழ் தோலில் பட்டால் வெந்நீரைப்போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் வடிகட்டும்போது கையுறை அவசியம்.

## அறிகுறி: காற்றுக் குமிழிகள்

குமிழி எப்போது தோன்றியது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

ஊற்றும்போதே இருந்தால், மிக்சியிலோ வேகமான கிளறியிலோ காற்று அடைபட்டிருக்கிறது. அகலமான மரக்கரண்டியால் மெதுவாகக் கிளறுங்கள். காய்ச்சிய கூழை மூடி 60 டிகிரியில் கால் மணி நேரம் வைத்திருங்கள். அதற்கும் எஞ்சியவற்றைத் தட்டில் ஊற்றியதும் ஊசியால் குத்தலாம். அதிகம் ஆறவிட்டால் கூழ் இறுகிக் குமிழியைச் சிறைப்பிடிக்கும்.

ஊற்றும்போது இல்லாமல் உலரும்போது தோன்றினால், உலர்த்தும் வெப்பம் அதிகம். மேற்புறத்தில் ஆடை படிந்து, அடியில் இருக்கும் நீராவி அதைக் கொப்புளமாகத் தூக்குகிறது. வெப்பத்தை 40 டிகிரிக்கு இறக்குங்கள். வெற்றிட அறையில் வைத்துக் காற்றை உறிஞ்சுவது நல்ல வழிதான்; ஆனால் சூடான கூழ் வெற்றிடத்தில் பொங்கி வழியும், பம்புக்குள்ளும் நீராவி போகும். மேலே சொன்ன இரண்டையும் செய்து பார்க்காமல் அந்தக் கருவிக்குப் பணம் போட வேண்டாம்.

## அறிகுறி: உலர்ந்த பிறகும் பிசுபிசுப்பு, அல்லது உலரவே மறுப்பு

எனக்கு வரும் கேள்விகளில் இதுவே முதலிடம் பெறுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

### முதலில்: உண்மையில் உலர்ந்ததா?

தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தட்டோடு நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டிருந்தால் அது இன்னும் உலரும் படலம், அதற்கு வேண்டியது பொறுமை. எடை நின்றுவிட்ட பிறகும் பிசுபிசுத்தால் மட்டும் மேலே படியுங்கள்.

### கரண்டிக் கணக்கு

ஒரு மேசைக்கரண்டி மாவுச்சத்துக்கு ஒரு தேக்கரண்டி கிளிசரின் என்ற செய்முறை எங்கும் பரவியிருக்கிறது. கேட்பதற்கு மூன்றில் ஒரு பங்கு போலத் தோன்றும். தராசில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. மாவுச்சத்து காற்றோட்டமான தூள், 15 மி.லி. கொள்ளும் மேசைக்கரண்டியில் தட்டி மட்டம் செய்தால் 8 கிராம் அளவே நிற்கும். கிளிசரினோ தண்ணீரைவிடக் கனமானது, மி.லி.க்கு 1.26 கிராம் வீதம் 5 மி.லி. 6.3 கிராம் இருக்கும். ஆக மாவின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு கிளிசரின் போகிறது. இதற்கு வேண்டியதோ 25 முதல் 35 விழுக்காடுதான். 40ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு தொடங்கும். இன்னும் ஏறினால் கிளிசரின் மேற்பரப்பில் வியர்வைபோலத் துளிர்க்கும். பிழை செய்தவரிடம் இல்லை, கரண்டியில் இருக்கிறது. 0.1 கிராம் துல்லியமுள்ள சிறு தராசு இந்த வேலைக்குப் போதும், நான் வாங்கச் சொல்லும் முதல் கருவியும் அதுதான்.

துளிர்த்த கிளிசரினை உறிஞ்சுதாளால் ஒற்றி எடுக்கலாம்; மறுநாள் மறுபடி துளிர்க்கும். அந்தப் படலத்தைத் துண்டாக்கி, வெந்நீரில் கரைத்து, கூடுதல் மாவுக்கரைசல் சேர்த்து மறுபடி வார்ப்பதே தீர்வு.

### கிளிசரின் சரியான அளவில்தான் போட்டேன் என்றால்

அறையின் ஈரப்பதத்தைப் பாருங்கள். கிளிசரின் காற்றிலிருந்து நீரை இழுக்கும், மாவுச்சத்தும் இழுக்கும். மழைக்காலத்தில் நமத்துப் போன படலத்தை, உலர்ந்த சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பு நீங்கினால் குற்றம் காற்றினுடையது; கலவையைத் தொடாமல், வைக்கும் இடத்தை மாற்றினால் போதும். நீங்காவிட்டால் கிளிசரின் விகிதத்துக்கே திரும்புங்கள்.

ஈரப்பதமானி நம்பத்தக்கதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சிறு மூடியில் சாதாரண உப்பை எடுத்து, அது ஈர மணல் போல ஆகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 விழுக்காட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். வேறு எண் காட்டினால் வித்தியாசத்தைக் குறித்து மானியின் மேலேயே ஒட்டிவையுங்கள்.

### ஒரு பக்கம் மட்டும் பிசுபிசுத்தால்

ஒருமுறை தொடர்ந்து நான்கு தட்டுகளில், ஒரு மூலை காகிதம்போல மெலிந்து வெடித்திருக்க, எதிர்மூலை ஜெல்லிபோலக் கிடந்தது. கலவையை மூன்று விதமாக மாற்றிப் பார்த்த பிறகே மேசையின் ஒரு கால் குட்டையாக இருந்தது தெரிந்தது. இரண்டே மி.மீ. ஆழம்தான் ஊற்றுகிறோம்; தட்டின் ஒரு முனை மறுமுனையைவிட ஒரு மி.மீ. தாழ்ந்தாலே அங்கே ஆழம் ஒன்றேகால் மடங்குக்கு நெருங்கி, மறுமுனையில் முக்கால் பங்காகிவிடும். ரசமட்டத்தை மேசையில் வைக்காமல் தட்டின் மீதே, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள்.

### எடை நிற்க நாட்கணக்கில் ஆனால்

ஊற்றிய ஆழம் அதிகம், அல்லது காற்று நகரவில்லை. ஆழத்தை 2 முதல் 3 மி.மீ.க்குள் வைத்து, தட்டின் மேல் நேராக அடிக்காமல் அறையைச் சுற்றிவர விசிறியை வையுங்கள். உலர்த்தும் அடுப்பின் வெப்பநிலை கட்டுப்பாட்டுக் குமிழில் ஒன்றும் உள்ளே வைத்த வெப்பமானியில் மற்றொன்றும் காட்டி, வித்தியாசம் பத்து டிகிரிக்கு மேல் இருந்தால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கும் மின் பணியாளரை அழையுங்கள். அதை நீங்களே பிரிக்க வேண்டாம்.

## அறிகுறி: படலம் வெடிக்கிறது, நொறுங்குகிறது

எங்கே, எப்போது உடைந்தது என்ற கேள்விக்கான பதிலிலேயே காரணமும் அடங்கியிருக்கிறது.

### தட்டிலேயே, உலரும்போதே வெடித்தால்

உலர்வதன் வேகம் கூடுதல். படலம் சுருங்க விரும்புகிறது, தட்டு விடமாட்டேன் என்கிறது; இழுபறியில் கிழிகிறது. வெயிலில் வைத்த தட்டுகளில் இது மிகுதி. வெப்பத்தைக் குறைத்து, முதல் சில மணி நேரம் தட்டின் மேல் துளையிட்ட தாளை மூடிவைத்தால் பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால், வேகாத மாவு கலந்திருக்கிறது: 70 டிகிரியில் கெட்டிப்பட்டதுமே இறக்கிவிட்டால் பல மாவுச்சத்து மணிகள் முழுதாக உடையாமல் நிற்கும், அவை பிடிப்பில்லாத மணல்போலப் படலத்தைப் பலவீனமாக்கும். 85 முதல் 90 டிகிரியில் பத்து நிமிடம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். நுண்ணோக்கி இருப்பவர்கள் ஒரு சொட்டுக் கூழைக் குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தாள்களுக்கிடையே பார்க்கலாம். வேகாத மணிகள் இருளில் குறுக்குக் கோடிட்ட வெண்புள்ளிகளாக ஒளிரும், வெந்தவை தெரியாது.

### உரித்த பிறகு, வளைத்தால் உடைந்தால்

2 செ.மீ. அகலப் பட்டை ஒன்றை வெட்டிப் பென்சிலில் சுற்றிப் பாருங்கள். சுற்றும்போதே சடசடவென முறிந்தால் கிளிசரின் குறைவு. இங்கே ஒரு வழுக்கு உண்டு: கிளிசரினை 10 விழுக்காடு அளவுக்குக் கொஞ்சமாகச் சேர்த்தால் படலம் இளகும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் அந்த அளவில் அது சேர்க்காததைவிடவும் விறைப்பாகும். 20க்குக் கீழே நின்று சோதிப்பதில் பயனில்லை; 25லிருந்து தொடங்கி ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள்.

விகிதம் சரியாகவே இருந்து, அப்போதும் முறிந்தால், கிளிசரின் புட்டியைச் சந்தேகியுங்கள். தோலில் பூசுவதற்காக விற்கப்படும் சிலவற்றில் நீரும் பன்னீரும் கலந்திருக்கும். 10 மி.லி. அளந்து நிறுங்கள். சுத்தமான கிளிசரினானால் 12.6 கிராம் இருக்க வேண்டும், 11.3 கிராம் அளவே நின்றால் அதில் பாதி தண்ணீர். இந்த ஒரு நிமிடச் சோதனை என் கையில் பலருடைய ஒரு மாதக் குழப்பத்தைத் தீர்த்திருக்கிறது.

### நன்றாக இருந்த படலம் இரண்டு மூன்று வாரத்தில் விறைத்தால்

இரண்டு சாத்தியங்கள். படலத்திலிருந்த நீர் உலர்ந்த காற்றுக்குப் போயிருக்கலாம். அல்லது வெந்து கலைந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் மறுபடி ஒழுங்காக அடுக்கிப் படிகமாகியிருக்கலாம். பிரித்தறிய, மேலே சொன்ன உப்பு டப்பாவில் உப்பைத் தொடாமல் படலத்தை ஒரு நாள் வையுங்கள். இளகினால் நீர் இழப்பு. 50 முதல் 60 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்துப் பாதுகாத்தால் போதும். இளகாவிட்டால் படிகமாதல் நடந்துவிட்டது, அதைத் திருப்ப முடியாது. அடுத்த தட்டுக்கு மாவின் வகையை மாற்றுங்கள்: மக்காச்சோள மாவுச்சத்தில் அமைலோஸ் கால் பங்கை ஒட்டி இருக்கும், மரவள்ளியில் 17 விழுக்காட்டை ஒட்டி. அமைலோஸ் குறைந்தது மெதுவாக விறைக்கும். ஆனால் அமைலோஸ் தரும் உறுதியும் அதனோடு போகும் என்பதால், பை தைக்க நினைப்பவர்கள் இரண்டையும் கலந்து பார்ப்பது நல்லது.

உப்பு அமிலத்தை (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) பயன்படுத்தும் ஆய்வகச் செய்முறையைப் பின்பற்றியிருந்தால் மூன்றாவது காரணமும் உண்டு. வினிகரின் அமிலம் பெரும்பாலும் ஆவியாகிவிடும். உப்பு அமிலமோ நீர் குறையக் குறையச் செறிந்து, நடுநிலையாக்காமல் விட்டால் சங்கிலிகளைத் தொடர்ந்து அரிக்கும். ஊற்றுமுன் பிஎச் தாளில் 6 முதல் 7 வரை வந்ததா என்று பாருங்கள். இந்த வகைச் செய்முறை ஆய்வகத்தில், பழகியவர் மேற்பார்வையில் மட்டுமே செய்யத் தக்கது.

## அறிகுறி: தட்டை விட்டு வரவில்லை

பளபளப்பான கண்ணாடித் தட்டு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மாவுச்சத்து அதைப் பிடித்துக்கொள்ளும். அடிப்படையில் இது பசைதானே. முதலில், மிகவும் உலர்ந்த படலத்தை ஈரமான அறையில் சில மணி நேரம் வைத்துவிட்டு, ஓரத்தைக் கத்தி முனையால் கிளப்பிப் பாருங்கள். கொஞ்சம் ஈரம் ஏறினால் நெகிழ்ந்து உரியும். பிறகு தட்டின் மேற்பரப்பை மாற்றுங்கள்: சிலிகோன், டெஃப்லான், பாலிப்ரொப்பிலீன், அக்ரிலிக் ஆகிய எதுவும் கண்ணாடியைவிட எளிதாக விடும். எண்ணெய் பூசுவதை நான் ஏற்பதில்லை. கூழ் எண்ணெயின் மேல் பரவாமல் திட்டுத் திட்டாக ஒதுங்கிப் படலத்தில் ஓட்டை விழுகிறது.

இதற்கு மறுதலையாக, நடுவில் நன்றாக இருந்து ஓரங்கள் சுருண்டு எழும்பினால், ஓரம் முந்தி உலர்கிறது என்று பொருள். விசிறியின் திசையை மாற்றி, உரித்ததும் கனமான புத்தகத்துக்கிடையே ஒரு நாள் வைத்தால் சரியாகும்.

## அறிகுறி: நிறமும் தெளிவும் கெட்டன

மங்கலாக இருப்பது எப்போதும் பிழையல்ல. மக்காச்சோளப் படலம் இயல்பிலேயே சற்று மங்கல், மரவள்ளியும் உருளைக்கிழங்கும் தெளிவு. உலர்ந்து சில வாரங்களுக்குப் பிறகு மேலே வெண்தூள் பூத்தால், கிளிசரினுக்கு மாற்றாகச் சார்பிட்டால் சேர்த்தீர்களா என்று பாருங்கள். அது அளவு மீறினால் வெளியே வந்து படிகமாகும். பாதிக்குப் பாதி கிளிசரினோடு கலந்து போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

பழுப்பு நிறத்துக்கு அடிப்பிடித்ததே முதல் காரணம். தடித்த அடியுள்ள எவர்சில்வர் பாத்திரமும் வெந்நீருக்குள் பாத்திரம் வைத்துச் சூடாக்கும் முறையும் இதைத் தடுக்கும். அமிலம் சேர்ப்பவர்கள் இரும்புச் சட்டியைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சும்போது கண்ணை எரிக்கும் காரமான நெடி வந்தால், கிளிசரின் நேரடியாகத் தீய்ந்து அக்ரோலின் என்னும் நச்சு ஆவி எழுகிறது. உடனே அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். கூழில் தண்ணீர் இருக்கும்வரை அந்த வெப்பம் வராது. பாத்திரம் வற்றிக் கருகும்போதும், கிளிசரின் அடுப்பில் சிந்தும்போதும் வரும்.

## அறிகுறி: பூஞ்சணம்

பச்சையோ கறுப்போ ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்து மீதியை வைத்துக்கொள்ள வேண்டாம். வேர் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். உலரும்போதே பிடித்தால் உலர்த்த எடுத்த காலம் நீளம்: முதல் ஒரு நாளுக்குள் மேற்பரப்பு இறுகும்படி ஆழத்தைக் குறையுங்கள். உலர்ந்து வைத்த பிறகு பிடித்தால் வைத்த இடம் ஈரம். வினிகர் சேர்த்தால் பூஞ்சணம் வராது என்று நம்புகிறவர்கள், உலரும்போது வினிகரும் போய்விடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். பொட்டாசியம் சார்பேட் என்னும் உணவுப் பாதுகாப்பான் உதவும். ஆனால் அது வேலை செய்வது அமிலத்தன்மையுள்ள, பிஎச் 6க்குக் கீழான கூழில்தான்.

ஒரே அறையில் அடுத்தடுத்து எல்லாத் தட்டுகளிலும் வந்தால் பிரச்சினை சுவரிலும் காற்றிலும் இருக்கிறது. இருமலோ மூச்சுத் திணறலோ இருப்பவர் அந்த அறையில் வேலை செய்யக் கூடாது. கசிவைத் தேடிச் சரிசெய்யக் கட்டடப் பணியாளரை அழையுங்கள்.

## அறிகுறி: தண்ணீர் பட்டால் ஊறிக் கரைகிறது

இது பிழையே அல்ல, பொருளின் இயல்பு. நீரில் காய்ச்சி வார்த்ததை நீர் மறுபடி இளக்கும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து நீரைத் தாங்கும் என்று படித்துவிட்டு முயல்வோர் பலர். அந்தப் பிணைப்பு நிகழ 150 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பதப்படுத்த வேண்டும். சாதாரணமாக உலர்த்தினால் அமிலம் சங்கிலிகளை வெட்டும் வேலையை மட்டும் செய்து, படலத்தை முன்னைவிட மோசமாக்கும். தேன்மெழுகை உருக்கி மெல்லியதாகப் பூசினால் தூறலுக்குத் தாங்கும், மடித்த இடத்தில் மெழுகு வெடித்து நீர் இறங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் பிபிஏடி, பிஎல்ஏ போன்ற மட்கும் பாலிமர்களோடு உருக்கிக் கலக்க வேண்டும். அது தட்டில் நடக்கும் வேலையல்ல, கலவையைச் சூடான உருளைக்குள் திருகால் தள்ளிப் பிழியும் இயந்திரமான எக்ஸ்ட்ரூடரில் நடப்பது.

## எக்ஸ்ட்ரூடரில் வரும் அறிகுறிகள்

டையிலிருந்து (கலவை வெளிவரும் வாய்) வரும் இழை நுரைத்துப் பொங்கினால் கலவையில் ஈரம் அதிகம். மாவுச்சத்து பையைத் திறக்கும்போதே 10 முதல் 13 விழுக்காடு நீரோடு வருகிறது, உருளைக்கிழங்கு வகை இன்னும் கூடுதலாக. அதைக் கணக்கில் கொள்ளாமல் மேலும் நீர் சேர்த்தால் டையை விட்டு வெளிவரும் கணத்தில் அது ஆவியாகி வெடிக்கும். முதலில் சேர்க்கும் நீரைக் குறையுங்கள், பிறகு காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிஎல்ஏ கலக்கிறீர்களானால் அதைத் தனியே, ஈரம் 0.025 விழுக்காட்டுக்குக் கீழே போகும்வரை உலர்த்துவது கட்டாயம். இல்லையேல் உருகிய நிலையில் நீர் அதன் சங்கிலிகளை வெட்டி, பை மடிப்பிலேயே கிழியும்.

தீனி விட்டுவிட்டு இறங்கினால் ஹாப்பரின் (கலவையைக் கொட்டும் புனல்) கழுத்தில் பிசுபிசுத்த கலவை பாலம் கட்டியிருக்கும். கிளிசரினை மாவோடு கலந்து ஓர் இரவு மூடிவைத்து, முழுதும் உறிஞ்சியபின் போட்டால் இது குறையும். இயந்திரம் ஓடும்போது கழுத்துக்குள் கம்பியை விட்டுக் குத்த வேண்டாம்.

பழுப்புத் துகள்கள் வந்தால் எங்கோ தேங்கிய மாவு தீய்கிறது. பேரல் (திருகு சுழலும் உருளை) வெப்பத்தைப் பத்து டிகிரி இறக்கிப் பாருங்கள். வேலையை நிறுத்துமுன் ஒவ்வொரு முறையும் பாலிஎத்திலீனை ஓட்டிப் பேரலைச் சுத்தம் செய்யுங்கள். மாவுச்சத்தை உள்ளே விட்டு அணைத்தால் அது கரியாக இறுகி அடுத்த நாள் முழுவதும் துகளாக வரும்.

அழுத்தமானி திடீரென ஏறினால் உடனே நிறுத்துங்கள். டையைச் சூடாக இருக்கும்போது கழற்றக் கூடாது. உள்ளே அடைபட்ட நீராவி உருகிய கலவையோடு முகத்தில் பாயும். டைக்கு முன்னுள்ள வடிதிரையை மாற்றிய பிறகும் அழுத்தம் இறங்கவில்லை, அல்லது அதே ஸ்க்ரூ வேகத்தில் வெளியீடு மாதத்துக்கு மாதம் குறைகிறது என்றால், ஸ்க்ரூவுக்கும் பேரலுக்கும் இடையிலான தேய்மானத்தை அளக்க இயந்திரப் பொறியாளரை வரவழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

## அறிகுறி: புதைத்தும் மட்கவில்லை

வெறும் மாவுச்சத்துப் படலம் ஈரமான, உயிருள்ள உரக்குழியில் சில வாரங்களில் மறைந்துவிடும். மறையாவிட்டால் குழியைப் பாருங்கள். கைப்பிடி உரத்தை அழுத்தினால் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். தூளாக உதிர்ந்தால் நீர் தெளியுங்கள், அழுகல் நாற்றம் வந்தால் கிளறிக் காற்றோட்டம் கொடுங்கள். மெழுகு பூசியது தாமதமாகும், தடித்தது இன்னும் தாமதமாகும். பிஎல்ஏ கலந்ததானால் வீட்டுக் குழியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கக்கூடும். அதற்கு 58 டிகிரியை ஒட்டிய வெப்பமுள்ள தொழில்முறை உரக்கூடம் வேண்டும்.

குழியில் காணாமல் போயிற்று என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, விற்கும் பையின் மேல் மட்கக்கூடியது என்று அச்சிடக் கூடாது. ஐஎஸ்ஓ 17088, இஎன் 13432 போன்ற தரநிலைகள் கண்ணுக்கு மறைவதை மட்டும் கேட்பதில்லை. எடுத்துக்காட்டாக இஎன் 13432, ஆறு மாதங்களுக்குள் 90 விழுக்காடு உயிர்ச்சிதைவையும், 12 வாரங்களுக்குப் பிறகு 2 மி.மீ. சல்லடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சாமையையும், கன உலோகங்களுக்கான வரம்பையும், விளைந்த உரத்தில் செடி வளர்வதையும் கேட்கிறது. இவற்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான் சோதிக்க முடியும். மாதிரியை அனுப்பும்போது அச்சு மையும் ஒட்டும் பசையும் சேர்ந்த முழுப் பையை அனுப்புங்கள். படலம் தேறி மை தேறாமல் திரும்பி வந்தால் சோதனைச் செலவு இரட்டிப்பாகும்.